ஃபியூயல் ஃபில்டர்: நாமே மாற்றுவதா, ஒர்க்ஷாப்பில் விடுவதா?

இந்த ஒப்பீட்டுக்குள் வராத கார்களை முதலில் ஒதுக்கிவிடுவோம். இப்போது வரும் பெரும்பாலான பெட்ரோல் கார்களில் எரிபொருளை வடிகட்டும் இந்த ஃபில்டர், டேங்குக்குள் இருக்கும் பம்ப்போடு சேர்ந்தே வருகிறது. இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற கெடுவே அவற்றில் பலவற்றுக்குக் கிடையாது. பின் சீட்டைத் தூக்கி, டேங்கின் வாயைத் திறந்து செய்கிற வேலை அது. நான் அதில் கை வைத்ததில்லை, வைக்கும் எண்ணமும் இல்லை. மிச்சம் இரண்டு வகை: எஞ்சினுக்குப் பக்கத்திலேயே ஃபில்டர் இருக்கும் டீசல் கார்கள், வண்டிக்கு அடியில் குழாயின் நடுவே ஃபில்டர் இருக்கும் பழைய பெட்ரோல் கார்கள். நாமே மாற்றலாமா என்ற கேள்விக்கு இந்த இரண்டில்தான் அர்த்தம் இருக்கிறது.

நான் எந்தப் பக்கம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என்னுடையது டீசல் கார். பல வருஷம் சர்வீஸில் விட்டுத்தான் மாற்றினேன், இப்போது வீட்டிலேயே மாற்றுகிறேன், பழையபடி விடுவதாக இல்லை. பெட்ரோலில் என் அனுபவம் கொஞ்சம்தான்.

பணம், நேரம் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. வீட்டில் செய்தால் கூலி மிச்சம், ஆனால் செலவில் பெரும்பங்கு ஃபில்டரின் விலைதான் என்பதால் மிச்சம் பெரிதாகத் தெரியாது. முதல் தடவை மெக்கானிக்கைவிடப் பல மடங்கு நேரம் ஆகும். ஒர்க்ஷாப்பில் லிஃப்ட் இருக்கிறது, காரின் கம்ப்யூட்டரோடு பேசும் ஸ்கேனர் இருக்கிறது, பழகிய கை இருக்கிறது. கசிந்தால் திரும்பக் கொண்டுபோய் நிறுத்தலாம். இதை மட்டும் வைத்துப் பார்த்தால் ஒர்க்ஷாப்தான் ஜெயிக்கும்.

என்னை மாற்றியது வேறொன்று: கழற்றிய பழைய ஃபில்டர்.

ஒர்க்ஷாப்பில் அதைக் கழற்றுகிறார்கள், உள்ளே இருப்பதை வேஸ்ட் ஆயில் டப்பாவில் கவிழ்க்கிறார்கள், கூட்டைத் தூக்கிப் போடுகிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த வண்டி காத்திருக்கிறது, நாம் கேட்டதும் ஃபில்டரை மாற்றித் தரச் சொல்லித்தான். ஆனால் அந்த டப்பாவுக்குள் போனது, டேங்க் முதல், எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் வரை உள்ள மொத்தப் பாதையின் ரத்தப் பரிசோதனை. அதைப் படிக்காமலே கீழே கொட்டிவிடுகிறோம்.

டீசலில் இது ஏன் இவ்வளவு முக்கியம்? காமன் ரெயில் எஞ்சினில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் 'ரெயில்' என்ற ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் எஞ்சினில், அழுத்தம் 1600 பாரைத் தாண்டும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்), புதிய எஞ்சின்களில் 2500 பார் வரை போகும். அந்த ஹை பிரஷர் பம்ப்புக்கும் இன்ஜெக்டருக்கும் தனி ஆயில் கிடையாது, ஓடுகிற டீசலேதான் வழவழப்பு. உள்ளே பாகங்களுக்கு நடுவில் உள்ள இடைவெளி சில மைக்ரான் மட்டுமே. தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதோடு வைத்துப் பாருங்கள். அங்கே தண்ணீர் போனால் வழவழப்பு அறுந்து உலோகம் உலோகத்தை உரசும். அப்புறம் துரு. ஃபில்டரை மாற்றுகிற செலவும் இன்ஜெக்டர் செட் மாற்றுகிற செலவும் பக்கத்தில் வைக்கக்கூடிய தொகைகள் அல்ல.

சரி, எப்படிப் படிப்பது? முந்தின ராத்திரி வண்டியை அசைக்காமல் நிறுத்திவையுங்கள். டீசல் லிட்டருக்குச் சுமார் 0.83 கிலோ, தண்ணீர் 1 கிலோ. இருக்கிற தண்ணீர் காலைக்குள் ஃபில்டரின் அடியில் இறங்கியிருக்கும். பல டீசல் ஃபில்டர்களின் அடியில் தண்ணீரை வடிக்க ஒரு திருகு உண்டு. எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே அதைத் தளர்த்தி, முதலில் வருவதைச் சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். வரவில்லை என்றால் மேலே காற்றை வெளியேற்றும் திருகையோ ஹோஸையோ லேசாகத் தளர்த்தினால் இறங்கும். கால் மணி நேரம் ஆடாமல் வைத்துவிட்டு, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். அடியில் தனிப் படலமாகக் கோடு தெரிந்தால் தண்ணீர். சந்தேகமாக இருந்தால், தண்ணீரில் கரைகிற உணவுக் கலர் இரண்டு சொட்டு விடலாம். அது டீசலில் கரையாது, தண்ணீர் இருந்தால் அந்தப் படலம் மட்டும் நிறம் ஏறும். பிரியாமல் மொத்தமும் பால் மாதிரி மங்கலாக இருந்தால் தண்ணீர் துளித்துளியாகக் கலந்து நிற்கிறது என்று கொள்ளலாம். டீசல் ரொம்பக் குளிர்ந்து மெழுகு கட்டத் தொடங்கினாலும் மங்கும். கொஞ்சம் சூடேறியதும் தெளிந்துவிட்டால் அது மெழுகு.

சில சொட்டுத் தண்ணீருக்குப் பதற வேண்டாம், அதைப் பிடிக்கத்தான் ஃபில்டர் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் பாட்டிலின் அடி மறைகிற அளவுக்கு வந்தால்தான் டேங்கைப் பார்க்க வேண்டும். மூடியின் ரப்பர் வளையம் போயிருக்கலாம், வாங்குகிற இடத்து டீசலே அப்படி இருக்கலாம், வண்டி மாதக்கணக்கில் அரை டேங்கோடு நின்றிருக்கலாம். தண்ணீரும் டீசலும் சேரும் எல்லையில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும். பாட்டிலில் கருப்பாக, கொழகொழவென்று இழை இழையாக ஏதாவது மிதந்தால் அதுதான். அந்த நிலையில் ஃபில்டரை மட்டும் மாற்றினால் புதியதும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். டேங்கைக் கழுவ வேண்டும்.

அடுத்தது ஃபில்டர் காகிதம். மேல் மூடியைத் திறந்து உள்ளே காகிதத்தை மட்டும் மாற்றுகிற வகை என்றால் மடிப்புகளை விரித்துப் பார்த்தால் போதும். மொத்தமாகத் திருகிக் கழற்றுகிற தகரக் கூடு என்றால் வெட்ட வேண்டியிருக்கும். கிரைண்டர் வேண்டவே வேண்டாம், பொறி பறக்கும். ஹாக்ஸா பிளேடால் அறுத்தால் அதன் தூளே உள்ளே விழுந்து குழப்பும். குழாய் வெட்டி மாதிரி கையால் சுற்றுகிற கட்டர் கிடைக்கிறது, அது இல்லாவிட்டால் வெட்டாமல் உள்ளிருப்பதைக் கவிழ்த்துப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காகிதம் கறுத்திருப்பதே கெட்ட செய்தி என்று நினைக்கிறவர்கள் உண்டு. இல்லை. எஞ்சினிலிருந்து சூடாகத் திரும்பி வரும் டீசல் ஆக்சிஜனோடு சேர்ந்து இப்படிக் கறுப்பது வழக்கம்தான். வழுவழுப்பாக இருந்தால்தான் பூஞ்சை. பழுப்பு நிறத் தூள் துரு. டேங்க் பிளாஸ்டிக்காக இருந்தும் துருத்தூள் வந்தால், வெளியிலிருந்து டீசலோடு வந்ததா என்று சந்தேகப்பட வேண்டும்.

பயப்பட வேண்டியது மினுமினுப்புக்கு. ஹை பிரஷர் பம்ப் தேய ஆரம்பித்தால் அதன் உலோகத்தூள் திரும்பும் குழாய் வழியாக டேங்குக்குப் போய், அங்கிருந்து ஃபில்டரின் அழுக்குப் பக்கத்தில் சிக்கும். ஒரு காந்தத்தைக் காகிதத்தின் மேல் தடவுங்கள். எஃகுத் தூள் ஒட்டும், அலுமினியம் ஒட்டாது. மினுமினுப்பு பளிச்சென்று தெரிந்தால் புதிய ஃபில்டரைப் போட்டு ஓட்டிக்கொண்டு இருக்காதீர்கள். வண்டி இன்னும் நன்றாக இழுக்கும்போதே, டேஷ்போர்டில் எந்த விளக்கும் எரியாதபோதே கிடைக்கிற எச்சரிக்கை இது. ரெயிலில் அழுத்தம் குறைவு என்று ஸ்கேனரில் பி0087 என்ற பிழைக் கோடு வரும் வரை காத்திருந்தால், அதற்குள் தூள் இன்ஜெக்டர் வரை போயிருக்கலாம்.

பழைய ஃபில்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டால் ஆயிற்றே என்று தோன்றும். நானும் வாங்கிப் பார்த்திருக்கிறேன். கைக்கு வரும்போது அது காலி. தலைகீழாகக் கவிழ்த்து, ஒழுகவிட்டு, பிளாஸ்டிக் பையில் போட்டுத் தருவார்கள். தண்ணீர் எவ்வளவு இருந்தது என்ற முக்கியமான சேதி போயிருக்கும். நாமே நின்று பார்க்கிறேன் என்றால் சில இடங்களில் உள்ளே விடுவார்கள், சில இடங்களில் கண்ணாடிக்கு வெளியே நாற்காலிதான்.

வீட்டில் செய்யத் தயங்க வைப்பது ஏர் எடுக்கும் வேலை. ஃபில்டரைத் திறந்தால் காற்று உள்ளே போகும், அதை வெளியேற்றாமல் செல்ஃப் அடித்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது, பம்ப் வறண்டு சுற்றும். இங்கே உங்கள் காரின் அமைப்பைப் பொறுத்துத்தான் பதில். ஃபில்டர் தலையிலோ ஹோஸிலோ ஹேண்ட் பம்ப் இருந்தால் அது கெட்டியாகும் வரை அழுத்த வேண்டியதுதான், சுலபம். டேங்கில் மின்சார பம்ப் இருந்தால் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் செய்து, பம்ப் ஓசை நின்றதும் ஆஃப் செய்து, இப்படிச் சில தடவை. இரண்டும் இல்லாமல், ஸ்கேனர் வழியாகத்தான் பம்ப்பை ஓட்ட முடியும் என்ற கார்களும் உண்டு. அவை ஒர்க்ஷாப்புக்குத்தான், அதில் எனக்கு வாதமே இல்லை. ஃபில்டரை வாங்கும் முன்பே மேனுவலில் இதைப் பார்த்துவிடுங்கள்.

பழைய டீசல் எஞ்சின்களில் இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்தி ஏர் எடுப்பார்கள். காமன் ரெயிலில் அதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். அந்த அழுத்தத்தில் பீய்ச்சுகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வலி கம்மியாக இருந்தாலும் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது. ஃபில்டர் இருப்பது குறைந்த அழுத்தப் பக்கம், நம் வேலை அதோடு முடிகிறது.

புதிய ஃபில்டரில் டீசலை ஊற்றி நிரப்பிப் போடுவது பற்றி இரண்டு கருத்து உண்டு. நடு ஓட்டை வழியாக ஊற்றினால், பெரும்பாலான ஃபில்டர்களில் அது சுத்தப் பக்கம், அதாவது வடிகட்டாத டீசலை நேராகப் பம்ப்புக்கு அனுப்புகிறோம். சுற்றியுள்ள ஓட்டைகள் வழியாக ஊற்றுவது பரவாயில்லை. ஹேண்ட் பம்ப் இருப்பதால் நான் ஊற்றுவதே இல்லை.

பொருத்தும்போது ஓ-ரிங்கில் கொஞ்சம் டீசல் தடவி, புது வாஷர் போட்டு, ஃபில்டரில் அச்சிட்டிருக்கும் அளவுக்குத் திருகினால் போதும். தண்ணீர் காட்டும் சென்சார் பழைய ஃபில்டரின் அடியிலேயே இருந்தால் அதைக் கழற்றி மாற்ற மறக்காதீர்கள். அதன் மரை பிளாஸ்டிக், முறுக்கினால் போய்விடும். வேலை முடிந்து கசிவு பார்ப்பதில் ஒரு நுணுக்கம். மின்சார பம்ப் உள்ள காரில் இணைப்பு சரியில்லாவிட்டால் டீசல் வெளியே சொட்டும், கண்ணில் பட்டுவிடும். எஞ்சின் பக்கமிருந்து உறிஞ்சுகிற அமைப்பில் வெளியே ஒரு சொட்டும் வராது, காற்றுதான் உள்ளே போகும். மறுநாள் காலையில் செல்ஃப் நீளமாக அடிக்க வேண்டியிருந்தால் அதுதான் அடையாளம். இதைத் தேடிப் பிடிப்பதில் ஒர்க்ஷாப்புக்கு அனுபவம் அதிகம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பெட்ரோலுக்கு வந்தால் என் ஆர்வம் பாதியாகிவிடுகிறது. டீசல் பற்றிக்கொள்ளும் ஆவி தர நல்ல சூடு வேண்டும். பெட்ரோல் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியிலேயே அந்த ஆவியைத் தரும். அந்த ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு ஊர்ந்து தூரத்தில் இருக்கும் அடுப்பையோ ஹீட்டரையோ தொடும். எஞ்சின் நின்ற பிறகும் குழாயில் 3, 4 பார் அழுத்தம் தேங்கி நிற்கும். பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு எஞ்சின் தானாக அணையும் வரை ஓடவிட்டு, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிய பிறகுதான் குழாயைத் தொட வேண்டும். அதுவும் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, முகத்துக்கு மேலே. திறந்தவெளி, ஸ்டாண்ட் மேல் உறுதியாக நிற்கும் வண்டி, கைக்கெட்டும் தூரத்தில் பவுடர் தீயணைப்பான் இல்லாமல் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன். நான் பெட்ரோல் ஃபில்டர் மாற்றியது வேறொருவர் கூட இருந்தபோதுதான், அதை வைத்துப் பெரிதாகச் சொல்ல முடியாது. குழாய் இணைப்பின் பிளாஸ்டிக் கிளிப் வெயிலிலும் சூட்டிலும் உளுத்துப்போய் உடையத் தயாராக இருக்கும் என்பதை மட்டும் நேரில் பார்த்தேன். படித்துப் பார்க்கும் லாபமும் இங்கே குறைவு: நுழைவுப் பக்கமாக வெள்ளைத் துணியில் கவிழ்த்தால் துருவும் தூசியும் தெரியும், ஆனால் எத்தனால் கலந்த பெட்ரோல் கொஞ்சம் தண்ணீரைத் தனக்குள் கரைத்துக்கொள்வதால் தனிப் படலத்தை எதிர்பார்க்க முடியாது. பழைய பெட்ரோல் கார் என்றால் ஒர்க்ஷாப்பே போதும்.

டீசலிலும் எல்லோருக்கும் இந்த வேலை ஒத்துவராது. ஃபில்டர் பேட்டரிக்கும் பிரேக் சிலிண்டருக்கும் அடியில் ஒளிந்திருக்கும் கார்கள் உண்டு. கொட்டிய டீசல் கூலன்ட் ஹோஸை ஊறவைக்கும், ஆல்டர்னேட்டரைக் கெடுக்கும், டைமிங் பெல்ட்டில் பட்டால் பெல்ட் வீண். அப்படிப்பட்ட இடம் என்றால் மாற்றும் வேலையை மெக்கானிக்கிடமே விட்டுவிட்டு, வடிக்கும் திருகுக்குக் கை எட்டினால் பாட்டிலில் பிடிப்பதை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். மாற்றும் கெடு பல டீசல் கார்களுக்கு 20,000 முதல் 60,000 கிலோமீட்டர் வரை இருக்கிறது, நடுவில் பாதித் தூரத்தில் ஒருமுறையும் சர்வீஸுக்கு முந்தின காலையிலும் வடித்துப் பாருங்கள். கொஞ்சமாக வடித்தால் போதும். திருகை மூடி, ஹேண்ட் பம்ப்பை அழுத்தி, ஸ்டார்ட் செய்து, திருகின் கீழே ஒரு காகிதத்தை வைத்து ஈரம் படுகிறதா என்று பார்த்துவிட்டு அதே பாட்டிலை சர்வீஸுக்கு எடுத்துப்போய் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.