தயிர்ச்சட்டியில் முளைத்த பயறு: மலைக்குளிரில் மூன்று வருஷம்

பச்சைப்பயறு முளைக்கப்போடச் சொல்லித் தருகிறவர்கள் எல்லோரும் "இரவு ஊறப்போடுங்கள், காலையில் துணியில் கட்டுங்கள், மறுநாள் முளை வந்துவிடும்" என்று மூன்றே வரியில் முடித்துவிடுகிறார்கள். கொழும்பிலோ வவுனியாவிலோ அது சரி. எங்கள் மலைநாட்டுத் தலவாக்கலைப் பக்கம், அதுவும் தை மாதத்தில், மறுநாள் கட்டைப் பிரித்தால் பயறு போட்டது போட்டபடியே சில்லென்று கிடக்கும்.

2022இல் தொடங்கினேன். பால்மாவுக்கு வரிசை, முட்டை விலை நாளுக்கு நாள் ஏற்றம், வீட்டில் இரண்டு பிள்ளைகள். போதாததற்கு எனக்கு இரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 10.2 என்று வந்தது, பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டுமாம். டாக்டர் இரும்புச்சத்துக் குளிசை எழுதித் தந்துவிட்டு, சாப்பாட்டையும் கவனிக்கச் சொன்னார்.

முதல் தடவை, சூடு நிற்கட்டும் என்று நினைத்து, துணிக்கட்டை ஷொப்பிங் பேக்குக்குள் போட்டு இறுக்கி முடிந்துவைத்தேன். மூன்றாம் நாள் திறந்தால் புளித்த வாடை, விரலால் தொட்டால் நூல் இழுக்கிறது. அப்படியே கொண்டுபோய் மரக்கறிப் பாத்தியில் கொட்டினேன். அடுத்த தடவை அடுப்புக்கு நேர் மேலே கம்பியில் தொங்கவிட்டேன், கீழ்ப்பக்கத்துப் பயறு பாதி அவிந்து, மிச்சம் கருவாடு மாதிரிப் புகை மணம். இதையெல்லாம் ஒரு வாரமாகப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த மாமியார் அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார்: "அம்மாளுக்கு முளைப்பாரி போட்ட கை இது, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

கேட்டிருக்கலாம்தான். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு வருஷா வருஷம் முளைப்பாரி வளர்க்கிறவர் அவர். அவர் காட்டிக்கொடுத்ததைத்தான் இன்றுவரை செய்கிறேன். கை பொறுக்கிற வெதுவெதுப்பான தண்ணீரில் எட்டு மணி நேரம் ஊறவேண்டும். அப்புறம் தண்ணீரை ஒரு சொட்டு நிற்காமல் வடிக்க வேண்டும். நான் அழுகவிட்டதற்குக் காரணம் குளிர் இல்லை, அடியில் தேங்கிய தண்ணீரும் காற்றுப் போகாத பையும்தான். முதலில் பேணியில் ஆணியால் ஓட்டை போட்டுப் பார்த்தேன், துருப்பிடித்துவிட்டது. இப்போது வெறும் தயிர்ச்சட்டிதான். மண் சட்டி மிச்ச ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. வாயில் மெல்லிய துணியைக் கட்டி, கொஞ்சம் சரித்து, சாக்கால் சுற்றி அடுப்படிச் சுவரோரம் வைத்துவிடுவேன், அடுப்புக்கு மேலே இல்லை, பக்கத்தில். காலையும் மாலையும் ஒரு அலசல். பீலியில், அதாவது மலை ஊற்றுக் குழாயில், வரும் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுத்தான் அலசுகிறேன், காரணம் கீழே வருகிறது.

சித்திரை வெயிலில் ஒன்றரை நாளில் முளை தலைகாட்டும். தையில் முழுசாக மூன்று நாள். ஒரு டம்ளர் பயறு கிட்டத்தட்ட இரண்டரை டம்ளராகப் பெருகும். முளை அரை விரற்கடை வந்ததும் எடுத்துவிட வேண்டும், விட்டால் நார் மாதிரி ஆகிவிடுகிறது.

மற்ற தானியங்கள் பற்றி ஒரு வார்த்தை: கௌபி எனக்கு ஒழுங்காக வந்ததே இல்லை. கொள்ளு நன்றாக முளைக்கும், ஆனால் முளைக்காத ஒன்றிரண்டு பல்லைப் பதம் பார்த்துவிடும். கடலை சீக்கிரம் வாடை பிடிக்கிறது. பயறுதான் வீட்டுக்குச் சரி.

இனி சத்துக் கணக்கு. முளைப்பயறில் புரதம் பல மடங்கு கூடும் என்று சொல்லித் திரிகிறார்களே, அது தப்பு. காய்ந்த பயறு 100 கிராமில் 24 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. கடையில் விற்கிற நீளமான வெள்ளை முளையில் அதே 100 கிராமுக்கு 3 கிராம்தான், மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீர். நம் குட்டை முளையில் தண்ணீர் குறைவு என்பதால் புரதம் அதைவிடக் கூட இருக்கும், அவ்வளவுதான். உண்மையான இலாபம் வேறு இடத்தில். முளைவிடும்போது வைட்டமின் சி உண்டாகிறது, இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துவைத்திருக்கும் பைட்டிக் அமிலம் குறைகிறது, வயிற்றில் வாயு உண்டாக்கும் சர்க்கரைகளும் குறைகின்றன. கடைசியாகச் சொன்னதற்கு எங்கள் வீடே சாட்சி, விளக்கம் வேண்டாம்.

பச்சையாகச் சாப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டேன். முளைக்கு வேண்டிய அதே ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிக்கும் பிடிக்கும். 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளையால் பரவிய ஈ.கோலை கிருமியில் 50 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் பச்சை முளை வேண்டவே வேண்டாம். ஆவியில் நன்றாக வேகவைத்து, கடுகு, செத்தல் மிளகாய், வெங்காயம் தாளித்து, தேங்காய்ப்பூ தூவி, இறக்கியபின் தேசிக்காய் பிழிகிறேன். வேகும்போது வைட்டமின் சி கொஞ்சம் போகும், தேசிக்காய் அதை ஈடுகட்டிவிடும். இன்னொன்று, நடுவதற்கென்று விற்கிற போஞ்சி விதையை முளைக்கப்போட்டுத் தின்னாதீர்கள், அதில் மருந்து பூசியிருப்பார்கள். சிவப்பு பீன்ஸ் முளையும் பச்சையாக நஞ்சு.

என் இரத்தம்? ஏழு மாதத்தில் 12.1. முளைப்பயறுதான் ஏற்றியது என்று சொல்ல மாட்டேன், குளிசையும் விழுங்கினேனே. ஆனால் கூடவே ஒரு பழக்கத்தையும் மாற்றினேன். தேயிலையில் உள்ள டானின் சாப்பாட்டில் வரும் இரும்பை உடம்பில் சேரவிடாது. நாமோ ரொட்டியை ஒரு கடி, தேத்தண்ணியை ஒரு மிடறு என்றே வளர்ந்தவர்கள். முளைப்பயறைச் சாப்பிட்டுவிட்டு அந்த வாயோடு சாயத்தண்ணி குடித்தால், மூன்று நாள் மெனக்கெட்டதில் பாதி வீண். அதனால் இப்போது சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் தேத்தண்ணி. முதல் மாதம் தலைவலியே வந்தது.

மாமியார் அரை மணி நேரத்துக்கு ஒத்துக்கொண்டார். வீட்டுக்காரர் இன்னும் ஒரு கையில் ரொட்டியும் மறு கையில் கோப்பையுமாகத்தான் இருக்கிறார். அவருக்கு ஹீமோகுளோபின் 14. என்ன சொல்லி மிரட்டுவது?