நீச்சல் பிள்ளைகளுக்கு 'பவர் பேக்கேஜ்': பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

பெங்களூரில் பிள்ளையைப் போட்டி நீச்சலுக்கு அனுப்பும் பெற்றோர் தயவுசெய்து கவனியுங்கள். அல்சூர் பக்கம் ஒரு ஜிம்மில் நீச்சல் வீரர்களுக்கென்றே தனிப் பயிற்சி என்று சொல்லி, ஆறு மாதத்துக்கு 36,000 ரூபாய் மொத்தமாக வாங்கிக்கொண்டார்கள். என் மகளுக்கு 14 வயது, இரண்டு கைகளையும் ஒன்றாக வீசி நீந்தும் பட்டர்ஃப்ளை நீந்துகிறாள்.

அங்கே சொல்லிக்கொடுத்தது வெறும் பாடிபில்டிங். பெஞ்ச் பிரஸ், டிப்ஸ், கழுத்துக்குப் பின்னால் பாரை இறக்கும் ஷோல்டர் பிரஸ். காலையெல்லாம் குளத்தில் கையைச் சுழற்றிவிட்டு வரும் பிள்ளைக்கு இதுவா பயிற்சி? தண்ணீரை இழுத்து இழுத்தே மார்புத் தசையும் முதுகின் பக்கத் தசையும் பலமாகிவிடும். அதற்கு ஈடாகத் தோளின் பின்பக்கத்துச் சின்னத் தசைகளையும், தோள்பட்டை எலும்பைப் பிடித்து நிறுத்தும் தசைகளையும் வலுவாக்க வேண்டும். ரப்பர் பேண்ட் பயிற்சியெல்லாம் அதற்குத்தான். இவர்கள் பேண்டை வெளியே எடுக்கவே இல்லை. கால்களையும் கண்டுகொள்ளவில்லை. ஸ்டார்ட்டிலும், குளத்துச் சுவரை உதைத்துத் திரும்பும் டர்னிலும் உதைக்கும் வேகத்துக்கு, உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டும் குதிக்கும் பயிற்சியும் வேண்டும். பட்டர்ஃப்ளையில் ஒவ்வொரு டர்னுக்குப் பிறகும் 15 மீட்டர் வரை தண்ணீருக்கடியில் போகலாம், அந்த உதைதான் அங்கே கொண்டுபோகும்.

தோள் வலிக்கிறது என்றவளிடம் "பழகிடும்மா" என்றார் ஜிம் கோச். தலைவாரக் கையைத் தூக்க முடியாமல் போனதும் பிசியோவிடம் ஓடினோம். தோளுக்குள் தசைநார் உரசி வீங்கியிருக்கிறது, ஓய்வு வேண்டும் என்றார். மாநிலப் போட்டி கைவிட்டுப் போயிற்று. பிள்ளை அழுததைப் பார்க்கத் தாங்கவில்லை.

பணத்தைக் கேட்டால் திருப்பித் தர மாட்டோம் என்கிறார்கள். பில்லும் கிடையாது.

இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிய பயம். பயிற்சிக்கு முன் கலக்கிக் குடிக்கச் சொல்லி லேபிளே இல்லாத டப்பாவில் ஒரு பவுடர் கொடுத்தார்கள். நல்லவேளை, அவள் குடிக்கவில்லை. ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டினால், கோச் கொடுத்தார் என்று சொல்லித் தப்ப முடியாது, பொறுப்பு நீந்துபவருடையதுதான். ஹைஜெனமைன் போன்ற தடைசெய்த பொருட்கள் இந்த மாதிரிப் பவுடர்களில் கலந்திருந்தது உண்டு. 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் இல்லாத டப்பாவைத் தொடவே வேண்டாம். எண் இருந்தாலும் தடைப்பொருள் இல்லை என்று அர்த்தமில்லை, டாக்டரிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். அது முடியும்வரை ஜிம்மின் பெயரை இங்கே போடவில்லை. இதே பேக்கேஜுக்குப் பணம் கட்டியவர்கள் யுபிஐ ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வைத்திருங்கள், எனக்கு எழுதுங்கள். சேர்ந்தே புகார் கொடுப்போம்.