கிளே பாரா, கிளே மிட்டா, அயர்ன் ரிமூவரா?

காரை நன்றாகக் கழுவித் துடைத்த பிறகு, கையில் மெல்லிய பாலித்தீன் கவர் ஒன்றை மாட்டிக்கொண்டு போனட்டை மெதுவாகத் தடவிப் பாருங்கள். வெறும் விரலுக்கு வழவழப்பாகத் தெரிந்த இடம் கவர் வழியாக உப்புத்தாள் மாதிரி உறுத்தும். ஷாம்பூவுக்கு அசையாத அழுக்கு அது.

எங்கள் வீடு தாம்பரம்–பீச் ரயில் பாதையை ஒட்டிய தெருவில் இருக்கிறது. வெள்ளைக் கார். வாங்கி ஒரு வருஷத்தில் பின்கதவு முழுக்க ஆரஞ்சு நிறத்தில் ஊசிமுனைப் புள்ளிகள் வந்துவிட்டன. தகடுதான் துருப்பிடிக்கிறது என்று பயந்துபோனேன். தகட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரயில் சக்கரமும் தண்டவாளமும் உரசிப் பறந்த இரும்புத்தூள் கிளியர் கோட்டில் (பெயிண்டின் மேலே இருக்கும் நிறமற்ற பூச்சு) ஒட்டிக்கொண்டு, அந்தத் தூள்தான் துருப்பிடித்திருந்தது. நம் காரின் சொந்த பிரேக்கிலிருந்தும் இதே தூள் வரும். ரிம்மில் படியும் பழுப்பு அதுதான்.

இதை எடுக்க மூன்று வழிகள் கடையில் கிடைக்கின்றன. மூன்றையும் வாங்கிப் பயன்படுத்தியிருக்கிறேன்.

என் முதல் ஓட்டு அயர்ன் ரிமூவருக்கு. பெரும்பாலானவற்றில் இருப்பது தியோகிளைகோலேட் உப்பு. தெளித்த சில நிமிடங்களில் இரும்போடு வினைபுரிந்து, தண்ணீரில் கரையும் சேர்மமாக மாற்றிவிடும். அப்போது ஊதா நிறம் கோடுகோடாக வழிவதைப் பார்க்கலாம். பார்லரில் முடியைச் சுருட்டப் போடும் மருந்திலும் இதே குடும்பத்து ரசாயனம் உண்டு. அழுகிய முட்டை நாற்றம் வரும், அதனால் கையுறை போட்டுக்கொண்டு காற்றோட்டமான இடத்தில் அடியுங்கள். பெயிண்டைத் தேய்க்காமலே வேலை முடிகிறது என்பதுதான் இதன் பெரிய பலம். கிளியர் கோட் என்பது சுமார் 40, 50 மைக்ரான் கனம்தான், தலைமுடியைவிட மெல்லிசு. அதில் கீறல் விழுந்தால் பாலிஷ் போட்டு இன்னும் கொஞ்சம் சுரண்டித்தான் போக்க முடியும். தேய்க்காமல் போகிற அழுக்கை எதற்குத் தேய்க்க வேண்டும்?

ஆனால் இது இரும்பை மட்டுமே கரைக்கும். தார், மரப்பிசின், பக்கத்து வீட்டு கேட்டுக்கு ஸ்பிரே அடித்தபோது பறந்து வந்த பெயிண்ட் எல்லாம் அப்படியே இருக்கும். வெயிலில் காய்ந்த போனட்டில் அடிக்கவே கூடாது. உலர்ந்தால் கறை தங்கும். நான் காலை ஆறரைக்குள் தொடங்கிவிடுவேன்.

மிச்சத்துக்குத்தான் கிளே. ஜப்பானில் உருவான பொருள் இது. ததாவ் கொடாதே என்பவர் இதற்கு 1995-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். பார்க்கக் குழந்தைகள் விளையாடும் களிமண் போல இருந்தாலும், குழைவான பிசினுக்குள் நுண்ணிய உராய்வுத் துகள் கலந்திருக்கிறது. பெயிண்டுக்கு மேலே துருத்தி நிற்பதை இழுத்துப் பிடுங்கும். லூப்ரிகன்ட் (வழுக்கிக்கொண்டு நகரச் செய்யும் திரவம்) தாராளமாக அடித்து, அழுத்தாமல், நேர்கோட்டில் நகர்த்த வேண்டும். வெறும் தண்ணீர் போதாது.

கிளே பாரின் அருமை, மடிக்கலாம் என்பதில் இருக்கிறது. அழுக்கு ஏறியதும் பிசைந்து மடித்தால் சுத்தமான புதுப் பக்கம் கிடைக்கும். ஃபைன் கிரேடு வாங்கினால் கறுப்பு காருக்குக்கூட பெரிய சேதம் வராது. குறை இரண்டு: என் காருக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கிறது, கைதவறிக் கீழே விழுந்தால் அந்தத் துண்டு குப்பைக்குத்தான். மண் ஒட்டிய துண்டை அலசிவிட்டு மறுபடி தேய்த்து, போனட்டில் ஒரு ஜாண் நீளத்துக்குக் கீறியிருக்கிறேன். அதனால் முழுத் துண்டையும் எடுக்காமல், வெட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுங்கள்.

கிளே மிட் என்பது ஒரு பக்கம் ரப்பர் மாதிரியான பூச்சு உள்ள கையுறை. அதே வேலை முக்கால் மணி நேரத்தில் முடியும். கீழே விழுந்தால் நன்றாக அலசிவிட்டுத் தொடரலாம். விலை கூட என்றாலும் பல தடவைக்கு வரும். ஆனால் மடிக்க முடியாது என்பதால் பிடுங்கிய துகள் மேற்பரப்பிலேயே தங்கி அடுத்த இடத்தை உரசும். ஒவ்வொரு பேனலுக்கும் இடையே பக்கெட்டில் முக்கி எடுக்காவிட்டால் மங்கல் தடம் விழும். என் மச்சானின் கறுப்பு செடானில் மிட் போட்டோம். நிழலில் அழகாக இருந்தது, வெயிலுக்கு எடுத்ததும் கதவெல்லாம் மெல்லிய கோடுகள். பாலிஷ் போட்டபிறகுதான் போயின. அதே மிட் என் வெள்ளைக் காரில் கண்ணுக்குத் தெரியும்படி எதுவும் செய்யவில்லை. ஆகவே கறுப்பு, கருநீலம், அடர்சிவப்புக்கு கிளே பார். வெள்ளை, சில்வருக்கு மிட். எதுவானாலும் அயர்ன் ரிமூவருக்குப் பிறகுதான். இரும்புத்தூளைக் கரைக்காமல் கிளே போட்டால் அந்தத் தூளை வைத்தே பெயிண்டைத் தேய்ப்பதாகிவிடும்.

தாருக்கு மண்ணெண்ணெய் போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. தாரை இளக்கும்தான், ஆனால் எண்ணெய்ப் படலம் விடும், கதவு, கண்ணாடி ஓரத்து ரப்பர் பீடிங்கில் பட்டால் கெடுக்கும். தார் ரிமூவர் சின்ன டப்பா ஒன்று வாங்கி, அயர்ன் ரிமூவருக்கு முன்பே துணியில் நனைத்து ஒற்றி எடுத்துவிடுங்கள். பெட்ரோல் வேண்டவே வேண்டாம்.

போர் தண்ணீர் காய்ந்த வெள்ளை வட்டங்களுக்கு இந்த மூன்றுமே சரிவராது. அது சுண்ணாம்பு உப்பு. சம அளவு தண்ணீர் கலந்த வெள்ளை வினிகரை ஒற்றி உடனே கழுவினால் புதுக்கறை போகும்.

செராமிக் கோட்டிங் போட்ட காருக்கு அயர்ன் ரிமூவரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கிளே அந்தக் கோட்டிங்கையே தேய்க்கும். மேட் பெயிண்டில், அதாவது பளபளப்பில்லாத பெயிண்டில், கிளே கூடாது. மற்ற கார்களில் கிளே போட்டதும் பழைய வாக்ஸ் போய் பெயிண்ட் வெறுமையாக நிற்கும், அன்றைக்கே புது வாக்ஸ் ஏற்றிவிடுங்கள்.