ஒத்திவைப்பா, 184-ஆ, 193-ஆ? அவசரப் பிரச்சினைக்கு எந்த நோட்டீஸ்

மக்களவையில் ஒரு பிரச்சினையை உடனே எழுப்ப நினைக்கும் உறுப்பினருக்கு நான்கு முக்கிய வழிகள் உண்டு: ஒத்திவைப்புத் தீர்மானம் (அன்றைய அலுவலை ஒத்திவைத்துவிட்டு ஒரு பிரச்சினையை விவாதிக்கக் கோருவது), விதி 184-இன் கீழ் தீர்மானம், விதி 193-இன் கீழ் குறுகிய கால விவாதம், விதி 197-இன் கீழ் கவன ஈர்ப்பு. இன்றே வேண்டுமா, வாக்கெடுப்பு வேண்டுமா என்ற இரண்டையும் முதலில் முடிவு செய்துகொண்டால் குழப்பம் பாதி தீரும்.

இரண்டும் வேண்டுமென்றால் ஒத்திவைப்புத் தீர்மானம்தான். காலை 10 மணிக்குள் நோட்டீஸ் போய்ச் சேர வேண்டும்; தாண்டினால் அடுத்த அமர்வுக்கு வந்ததாகக் கணக்கு. சபாநாயகர் சம்மதித்தால், கேள்வி நேரம் முடிந்ததும் உறுப்பினர் அவையின் அனுமதியைக் கேட்பார். யாராவது ஆட்சேபித்தால் ஆதரவாளர்கள் எழுந்து நிற்க வேண்டும். 50 பேராவது நின்றால்தான் அனுமதி. விவாதம் வழக்கமாக மாலை 4 மணிக்குத் தொடங்கும், குறைந்தது இரண்டரை மணி நேரம் நடக்கும். நிறைவேறினால் அரசு பதவி விலகத் தேவையில்லை. ஆனாலும் அது அரசுக்கு விழுந்த கண்டனம்.

பெரும்பாலான நோட்டீஸ்கள் சபாநாயகரின் சம்மதத்தைத் தாண்டுவதே இல்லை. ஒரே நோட்டீஸில் இரண்டு விஷயங்களைச் சேர்ப்பது, மாதக்கணக்கில் நீளும் பிரச்சினையைப் புதிது என்று எழுதுவது, நீதிமன்றத்தில் இருப்பதைத் தொடுவது, மத்திய அரசின் பொறுப்பு எங்கே என்று காட்டாமல் மாநிலச் சட்டம் ஒழுங்கைப் பேசுவது எல்லாமே தள்ளுபடிக்குக் காரணங்கள். முதல் சபாநாயகர் மாவலங்கர் காலத்திலிருந்தே கெடுபிடிதான். பிரிட்டிஷ் ஆட்சியில் சட்டமன்றத்துக்குக் கட்டுப்படாத நிர்வாகத்தைக் கண்டிக்க உதவிய ஆயுதம் இது; பொறுப்பாட்சி வந்தபின் வேறு வழிகள் இருப்பதால் இதை அரிதாகவே அனுமதிக்க வேண்டும் என்பது அவர் வகுத்த நிலை.

அந்த 50 பேர் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு: அவை அமைதியாக இருந்தால்தான் தலைகளை எண்ண முடியும். நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கும் இதே எண்ணிக்கைதான். 2018 மார்ச்சில் தெலுங்கு தேசமும் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸும் அதற்கு நோட்டீஸ் கொடுத்தன. காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு அ.தி.மு.க. உறுப்பினர்கள் உள்ளிட்டோர் அவையின் மையப்பகுதியில் முழக்கமிட்டுக்கொண்டிருந்ததால், எண்ண முடியவில்லை என்றார் சபாநாயகர் சுமித்ரா மகாஜன். விவாதம் ஜூலை 20-இல்தான் நடந்தது. நோட்டீஸ் கொடுப்பவர்கள் மற்றக் கட்சிகளைப் பத்து நிமிடமாவது இருக்கையில் உட்கார வைக்கப் பேசிவைத்திருக்க வேண்டும்.

விதி 184-இல் வாக்கெடுப்பு உண்டு, அன்றே நடக்கும் என்ற உறுதி இல்லை. அவையில் ஆளும் தரப்பை வழிநடத்தும் அவை முன்னவரைக் கலந்து சபாநாயகர் நாள் ஒதுக்க வேண்டும். விதி 193-க்கு நோட்டீஸ் கொடுப்பவரோடு இன்னும் இருவர் கையெழுத்தும் விளக்கக் குறிப்பும் போதும். அமைச்சர் பதில் சொல்வார், வாக்கெடுப்பு கிடையாது. கவன ஈர்ப்பு இன்னும் சிறியது: அமைச்சர் அறிக்கை வாசிப்பார், பட்டியலில் உள்ளவர்கள் விளக்கம் கேட்கலாம், அவ்வளவுதான்.

எதிர்க்கட்சி 184 கேட்பதும் அரசு 193 தர முன்வருவதும், அந்த இழுபறியில் நாள்கள் கரைவதும் அடிக்கடி நடக்கிறது. ஆளும் தரப்பு ஒற்றுமையாக இருக்கும்போது இந்தப் பிடிவாதம் வீண். 193-ஐ வாங்கிக்கொண்டு அமைச்சரைப் பதில் சொல்ல வைப்பதே மக்களுக்குப் பயன். ஆதரவுக் கட்சிகள் தடுமாறும்போது மட்டும் 184-ஐ விடக் கூடாது. 2012 டிசம்பரில் சில்லறை வணிகத்தில் அந்நிய நேரடி முதலீட்டை எதிர்த்த தீர்மானம் 218-க்கு 253 என்று தோற்றது. ஆனால் அந்த முதலீட்டை எதிர்த்துப் பேசிய சமாஜ்வாதியும் பகுஜன் சமாஜும் வாக்களிக்காமல் வெளியேறியது பதிவாகிவிட்டது. 193-இல் நடந்திருந்தால் அந்தக் கட்சிகள் பேசிவிட்டு உட்கார்ந்திருக்கும்.

மாநிலங்களவையில் ஒத்திவைப்புத் தீர்மானம் என்பதே இல்லை. அந்த இடத்தில் விதி 267-ஐப் பிடித்துக்கொள்கிறார்கள். அவையின் ஒரு விதியை நிறுத்திவைத்து, அன்றைய அலுவலை ஒதுக்கிவிட்டு விவாதிக்கும் ஏற்பாடு. 2000-இல் திருத்தியபின், பட்டியலில் உள்ள அன்றைய அலுவலோடு தொடர்புள்ள தீர்மானத்துக்காக மட்டுமே ஒரு விதியை நிறுத்திவைக்கலாம். எந்த விதியை நிறுத்த வேண்டும் என்று குறிப்பிடாத நோட்டீஸ் அங்கேயே விழுந்துவிடும். 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு விவாதம் இந்த வழியில் நடந்தது. 2023-இல் மணிப்பூருக்காக 267 கேட்டபோது, விதி 176-இன் கீழ் குறுகிய கால விவாதத்துக்கே அரசு தயாராக இருந்தது; அதற்கு அதிகபட்சம் இரண்டரை மணி நேரம், வாக்கெடுப்பு இல்லை. மேலவையில் வாக்கெடுப்புதான் நோக்கம் என்றால் நோட்டீஸை விதி 168-இல் எழுத வேண்டும். 2012-இல் அந்நிய முதலீட்டுத் தீர்மானம் அங்கே அப்படித்தான் வாக்கெடுப்புக்கு வந்தது.