பைஎக்ஸிட்டான் வேண்டுமா? படிப்படியாகவா, ஒரே தாவலிலா

காரைக்குடியில் இயற்பியல் படிக்கும் தம்பிகள் இரண்டு பேர் முற்றத்தில் உட்கார்ந்து கேட்டார்கள்: குவாண்டம் புள்ளிக்குள் (சில நானோமீட்டர் அளவுள்ள குறைக்கடத்தித் துணுக்குக்குள்) பைஎக்ஸிட்டானை, அதாவது ஒன்றோடொன்று பிணைந்த எக்ஸிட்டான் ஜோடியை, எந்த வழியில் உண்டாக்கலாம்? எக்ஸிட்டான் என்பது ஓர் எலக்ட்ரானும் அது விட்டுச்சென்ற காலியிடமான துளையும் சேர்ந்த இணை.

படிப்படி: முதல் ஃபோட்டான் ஓர் எக்ஸிட்டானைத் தரும், இரண்டாவது அதை ஜோடியாக்கும்.
ஒரே தாவல்: பைஎக்ஸிட்டானின் மொத்த ஆற்றலில் சரிபாதிக்கு லேசரை வைத்தால், இரண்டு ஃபோட்டானும் சேர்ந்தே உறிஞ்சப்படும்.

லேசர் செலவு: முன்னதற்கு இரண்டு நிறம் வேண்டும். பின்னதற்கு ஒன்று போதும், ஆனால் துடிப்பு வலுவாக இருக்க வேண்டும்.

குளிர்: பெரும்பாலும் இரண்டுக்குமே திரவ ஹீலியம்தான், சுமார் 4 கெல்வின்.

முனைவாக்கம் (ஒளி அலை அதிரும் திசை): இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். வட்ட முனைவாக்க ஒளி எந்தப் பக்கம் சுழல்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் அது எழுப்பும் எலக்ட்ரானின் சுழற்சி (ஸ்பின்) அமையும். ஜோடியிலுள்ள இரண்டு எலக்ட்ரான்களின் சுழற்சியும் எதிரெதிராக இருக்க வேண்டும் என்பதால், ஒரே பக்கம் சுழலும் வட்ட முனைவாக்க ஒளியை மட்டும் எவ்வளவு கொட்டினாலும் பைஎக்ஸிட்டான் பிறக்காது. இரு பக்கச் சுழற்சியும் கலந்த நேர்கோட்டு முனைவாக்கம் கொடுங்கள்.

வடிகட்டல்: நம் ஊர் வீட்டுச் சன்னலின் நீலக் கண்ணாடி நீலத்தை மட்டும்தானே ஆத்தங்குடிக் கல்மேல் விழ விடும்? அதுபோல, லேசரும் புள்ளி உமிழும் ஒளியும் நிறம் வேறாக இருந்தால்தான் எளிதாகப் பிரிக்க முடியும். படிப்படியில் லேசரும் வெளிவரும் ஒளியும் ஒரே நிறம், தலைவலி. தாவலில், ஜோடி ஒவ்வொன்றாகக் கலையும்போது வரும் இரண்டு உமிழ்வுக் கோடுகளும் லேசரின் இருபுறமும், பிணைப்பு ஆற்றலில் (ஜோடியைத் தனித்தனி எக்ஸிட்டான்களாகப் பிரிக்கத் தேவையான ஆற்றலில்) பாதியளவு விலகி நிற்கும்.

சரி, எது யாருக்கு? பிணைப்பு ஆற்றலை அளக்கப் போகிறீர்கள் என்றால் படிப்படி; இரண்டாவது லேசரை நகர்த்தி நகர்த்திப் பார்க்கலாம். பின்னிப்பிணைந்த ஃபோட்டான் ஜோடி (ஒன்றின் முனைவாக்கத்தை அளந்தால் மற்றதன் முனைவாக்கமும் தெரிந்துவிடும் ஜோடி) வேண்டுமென்றால் யோசிக்காமல் தாவலுக்குப் போங்கள், எக்ஸிட்டான் நிலையின் நுண்பிளவு (அந்த நிலை மிக நெருக்கமான இரண்டு ஆற்றல்களாகப் பிரிவது) சிறியதாக உள்ள புள்ளியாகத் தேடி எடுங்கள்.