பட்டறையில் நேரடியாகச் சொல்லிச் செய்த எலெக்ட்ரிக் கிட்டார்: மூன்று வருடம் கழித்து

போன சனிக்கிழமை வடபழனியில் கிட்டார் ரிப்பேர் பார்க்கும் அண்ணன் ஒருவரிடம் போனேன். இருபது நிமிட வேலை, 300 ரூபாய். மூன்று வருட எரிச்சல் தீர்ந்தது. அன்று ராத்திரியே நண்பன் ஒருவன் வாட்ஸப்பில் வந்தான்: "மச்சான், நீ பட்டறையில சொல்லி செஞ்ச மாதிரி நானும் ஒண்ணு ஆர்டர் போடலாமா?" ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். ரிப்பேர் முடித்து வந்த சூட்டில் எழுத ஆரம்பித்தேன், நீண்டுவிட்டது.

பட்டறையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. வேறு மாநிலத்தில் சில பேர் சேர்ந்து நடத்துகிறார்கள். முழுக்க நம் இஷ்டத்துக்குச் செய்து தருவதில்லை. பாடியின் வடிவமும் நெக்கின், அதாவது கழுத்தின், அளவும் அவர்களுடையது. மரம், ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்), பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்), நிறம், ஹெட்ஸ்டாக் (தந்தியை முறுக்கும் கீகள் இருக்கும் தலைப்பகுதி) இவை நம் தேர்வு. 2022-ல் 58,000 ரூபாய் ஆனது, பாதி முன்பணம். 12 வாரம் என்றார்கள், 21 வாரத்தில் வந்தது. அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. தையல்காரரிடம் தீபாவளிச் சட்டை கொடுத்து வளர்ந்தவர்கள் நாம்.

விலை ஏன் குறைகிறது என்பதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. நடுவில் கடைக்காரர் இல்லை. அமெரிக்காவில் லோவல் கீஸல் 1946-ல் தொடங்கிய கார்வின் நிறுவனம் பல காலம் கேட்லாக் அனுப்பியே நேரடியாக விற்றது. 2015-லிருந்து கீஸல் என்ற பெயரில் அந்தக் கிட்டார்கள் வருகின்றன. இப்போதும் பட்டியலைப் பார்த்து நிறமும் மரமும் சொல்லி ஆர்டர் கொடுக்கலாம். நம் ஊர்ப் பட்டறைகள் செய்வதும் கிட்டத்தட்ட அதேதான், வாட்ஸப் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு எனக்குப் பொறுமை இருக்காது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஃப்ரெட். கூடுதலாக 5,000 ரூபாய் கேட்டார்கள், அரை மனதோடு கொடுத்தேன். இன்று இந்தக் கிட்டாரில் நான் செலவழித்த பணத்தில் மிகவும் உருப்படியானது எது என்றால் அந்த 5,000 தான். வழக்கமான ஃப்ரெட்டை நிக்கல் சில்வர் என்பார்கள். பெயரில்தான் சில்வர், உள்ளே இருப்பது தாமிரம், நிக்கல், துத்தநாகம். என் பழைய கிட்டாரில் நாலே வருடத்தில் இரண்டாம், மூன்றாம் தந்திகளுக்குக் கீழே பள்ளம் விழுந்துவிட்டது. நான் வாசிப்பது அப்படி. வாரக் கடைசியில் மெல்லிசைக் குழு, வீட்டில் எனக்காகத் தோடி, கானடா என்று ஏதாவது. கமகம் வேண்டுமென்றால் தந்தியை இழுத்து இழுத்து விட வேண்டும். சென்னை வியர்வையும் கடல் காற்றும் சேர்ந்தால் சாதாரண ஃப்ரெட் என்ன ஆகும்? புது ஃப்ரெட்டில் மூன்று வருடத்துக்குப் பிறகும் ஒரு கீறல் இல்லை. கண்ணாடி மேல் விரல் போவது போலத் தந்தி வழுக்கிக்கொண்டு போகிறது. காந்தாரத்தை அசைத்துக்கொண்டே இருந்தால் நிறுத்த மனசு வராது.

நெக் சூளையில் சூடேற்றிய மேப்பிள். மரத்தில் இருக்கும் ஈரம் போய்விடுவதால் மழைக்காலத்தில் அவ்வளவாக வளைவதில்லை. முன்பெல்லாம் ஐப்பசி பிறந்தாலே ட்ரஸ் ராடு, அதாவது நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பி, அதைத் திருகச் சாவியைத் தேடுவேன். இதில் மூன்று வருடத்தில் இரண்டு தரம் தொட்டிருப்பேன். ஃப்ரெட் பதித்த பலகையான ஃப்ரெட்போர்டு நம் ஊர் ஈட்டி மரம் (ரோஸ்வுட்). பிக்கப் பற்றி எழுத எதுவும் இல்லை, நன்றாக இருக்கிறது.

இனி மூன்றாம் தந்திக்கு வருவோம்.

பெட்டியைத் திறந்த அன்றே, சுருதி சேர்க்கும்போது 'டிங்' என்று ஒரு சத்தம். கீயைத் திருகுகிறேன், சுருதி ஏறவில்லை. இன்னும் கொஞ்சம் திருகுகிறேன், ஏறவில்லை. மூன்றாம் முறை 'டிங்'. ஒரே தாவலில் சுருதியைத் தாண்டிப் போய்விட்டது. நட்டில், அதாவது நெக்கின் முனையில் தந்திகள் ஏறிப் போகும் சின்னக் கட்டையில், உள்ள பள்ளம் தந்தியை இறுக்கிப் பிடித்திருக்கிறது. தந்தி நழுவ வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொண்டு, பிறகு பிடுங்கிக்கொண்டு குதிக்கிறது. வாசிக்கும்போது இது வேறு மாதிரி கழுத்தறுக்கும். தந்தியை இழுத்தால் கீ பக்கத்திலிருந்து ஒரு நூலளவு தந்தி நட்டைத் தாண்டி வருகிறது. விட்டதும் அது திரும்பிப் போக வேண்டும், போவதில்லை. அடுத்த சுரம் இறங்கிப்போய் ஒலிக்கிறது.

தாம்பரத்தில் ஒரு ரிசப்ஷன். பாட்டின் இடையிசையில் எனக்கு நாலு பார் (தாளச் சுற்று) தனி. இரண்டாவது பாரில் ஒரு பெரிய இழுப்பு. இறங்கி வந்தால் மூன்றாம் தந்தி வேறு ஊரில் இருக்கிறது. கீபோர்டு அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி ஒரு பார்வை மட்டும் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அந்தப் பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இதற்குக் காரணத்தைத் தேடிப் போனால் சிரிப்பு வரும். பட்டறையில் எல்லாக் கிட்டாருக்கும் 9 செட் தந்தி (முதல் தந்தியின் தடிமன் 0.009 அங்குலம்) போட்டு, அதற்கேற்றபடி நட்டை வெட்டுகிறார்கள். நான் போடுவது 11. ஒரு முழு சுரம் இறக்கிச் சுருதி வைப்பதால் தடித்த தந்தி இல்லாவிட்டால் தொளதொளவென்று இருக்கும். மூன்றாம் தந்தி 9 செட்டில் 0.016 அங்குலம், 11 செட்டில் 0.018. வித்தியாசம் 0.002 அங்குலம், அதாவது 0.05 மில்லிமீட்டர். இந்த அரைக்கால் மயிரிழைக்குத்தான் மூன்று வருடம்.

போதாததற்கு ஹெட்ஸ்டாக்கை வேறு நான் 'அழகா இருக்கே' என்று பக்கத்துக்கு மூன்று கீ வைத்ததாகத் தேர்ந்தெடுத்திருந்தேன். அந்த அமைப்பில் மூன்றாம், நாலாம் தந்திகள் நட்டைத் தாண்டியதும் பக்கவாட்டில் ஒடிந்துதான் கீக்குப் போக வேண்டும். ஏற்கெனவே இறுக்கமான பள்ளம், அதில் ஒரு திருப்பம் வேறு. ஆறு கீயும் ஒரே பக்கம் இருக்கும் ஹெட்ஸ்டாக்கும் பட்டியலில் இருந்தது, அதே விலைக்கு. தந்தி நேராகப் போயிருக்கும்.

பட்டறைக்கு எழுதினேன். மரியாதையாகத்தான் பதில் வந்தது. "அனுப்பிவிடுங்கள், இலவசமாகச் செய்து தருகிறோம், கூரியர் மட்டும் உங்களுடையது." போக வர இன்ஷூரன்ஸோடு சேர்த்து 4,800 ரூபாய் என்றது கூரியர். அது போய்த் திரும்பி வரும் வரை கல்யாண சீசனில் எதை வாசிப்பது? வெளியில் யாரிடமாவது காட்டலாமா என்று கேட்டேன். "காட்டலாம், ஆனால் இரண்டு வருட வாரண்டி போய்விடும்." அவர்கள் சொன்னதில் தப்பில்லை. அதுதான் இன்னும் எரிச்சல், சண்டை போடக்கூட வழியில்லை. மவுண்ட் ரோடு கடையில் வாங்கியிருந்தால் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போய் கவுண்டரில் வைத்து, "தம்பி, இதைப் பாருங்க" என்றிருப்பேன். கடைக்காரர் லாபம் மிச்சம் என்றால் கடைக்காரர் வேலையும் நம் தலையில்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆர்டர் படிவத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். முப்பத்துச் சொச்சம் கேள்விகள். நீலத்திலேயே ஐந்து நீலம். ஃப்ரெட்போர்டில் புள்ளி வேண்டுமா, கட்டம் வேண்டுமா, ஒன்றுமே வேண்டாமா? திருகாணி கறுப்பா, வெள்ளியா? என்ன தந்தி போடுவீர்கள் என்று மட்டும் ஒரு வரி இல்லை. வீணைக்கு மேளம் கட்டுகிறவரை, அதாவது மெட்டு (வீணையின் ஃப்ரெட்) வைத்துத் தருகிறவரை நினைத்துப் பாருங்கள். வாசிக்கிறவருடைய சுருதியைக் கேட்டு, தந்தியைப் போட்டு, காதால் கேட்டுக் கேட்டுத்தானே மெழுகில் மெட்டை வைப்பார்? அவரிடம் வீணைக்கு ஐந்து நீலம் இல்லை, அது வேறு விஷயம்.

நியாயமாகப் பேச வேண்டும் என்றால் இதையும் சொல்ல வேண்டும். படிவத்தின் கடைசியில் 'வேறு ஏதாவது குறிப்பு' என்று ஒரு பெரிய பெட்டி இருந்தது. அதில் நான் ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கிறேன். முழுக்க முழுக்க நிறத்தைப் பற்றி. மயில் கழுத்து நீலம், ஆனால் பளபளப்பு குறைவாக, வெளிச்சம் பட்டால் பச்சை தெரிய வேண்டும், இப்படி. அந்த நிறத்தை அவர்கள் கொண்டுவந்தும் விட்டார்கள்! தந்தியைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை நான்.

வாரண்டி முடிகிற வரை பென்சிலால் ஓட்டினேன். 2பி பென்சிலைச் சீவி, கரியைப் பள்ளத்தில் தேய்த்தால் ஒரு வாரம் தந்தி நன்றாக நழுவும். மேடையில் இன்னொரு வழி இருந்தது. பெரிதாக இழுத்துவிட்டு இறங்கிய கையோடு, ஆள்காட்டி விரலை நட்டுக்குப் பின்னால் கொண்டுபோய்த் தந்தியை ஒரு அழுத்து. நின்றுபோன நூலளவு பின்னால் போய்விடும், சுருதி திரும்பிவிடும். அரை நொடி வேலை, யாருக்கும் தெரியாது. வாரண்டி முடிந்த பிறகும் ஒரு வருடம் அப்படியே போனது, சோம்பேறித்தனம்தான். கொஞ்சம் பயமும் உண்டு. பள்ளத்தை ஆழமாக அறுத்துவிட்டால் தந்தி முதல் ஃப்ரெட்டில் உரசி இரைய ஆரம்பித்துவிடும்.

வடபழனி அண்ணன் பெரிய கருவி எதையும் எடுக்கவில்லை. கேஸ் வெல்டிங் முனையைச் சுத்தம் செய்யும் மெல்லிய கம்பி அரக் கொத்து ஒன்று வைத்திருந்தார். அதிலிருந்து ஒரு கம்பியைப் பிரித்து, தந்தியை ஓரமாக விலக்கிவிட்டு, பள்ளத்தின் ஆழத்தைத் தொடாமல் அகலத்தை மட்டும் கீ இருக்கும் திசைக்குச் சாய்த்து நாலு இழுப்பு. தந்தியைத் திரும்ப வைத்துச் சுருதி சேர்த்தார். சத்தமே இல்லை. "இதுக்கா தம்பி மூணு வருஷம்?" என்றார்.

சரி, நண்பனுக்கு என்ன சொன்னேன்? வாங்காதே என்றேன். அந்த ஃப்ரெட்டையும் நெக்கையும் இந்த விலையில் எந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை, நாளைக்கே இது தொலைந்தால் நான் அங்கேதான் போவேன். இருந்தாலும் வாங்காதே. உனக்குப் பொறுமை கிடையாது, நீ நிறத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுவாய். அப்படியும் ஆர்டர் போடுவதாக இருந்தால் அந்தப் பெட்டியில் முதல் வரியாகத் தந்தி அளவைப் போடு, என்ன சுருதி வைப்பாய் என்பதையும் போடு. அவனுடைய பதில்: "மயில் கழுத்து நீலத்துக்கு எக்ஸ்ட்ரா எவ்வளவு வாங்கினாங்க?"

நேற்று ஒத்திகை. பழைய தாம்பரம் பாட்டுத்தான். பெரிய இழுப்பு, இறக்கம், சுருதி அப்படியே நின்றது. என் ஆள்காட்டி விரல் மட்டும் தானாகப் பின்னால் போய் மூன்றாம் தந்தியை ஒரு அழுத்து அழுத்திவிட்டு வந்தது. கீபோர்டு அண்ணன் திரும்பிப் பார்த்தார்.