ஆர்பிஜி மேக்கர் எம்இசட்: ஆட்டக்காரரே தன் அடியைக் கோத்துக்கொள்ள எவ்வளவு இடம் தருகிறது?

பாத்திரங்கள் சண்டையிட்டு வளரும் கதை விளையாட்டுகளை (ஆர்பிஜி) உருவாக்கும் மென்பொருளான ஆர்பிஜி மேக்கர் எம்இசட், 2020 ஆகஸ்டில் ஸ்டீம் என்ற விற்பனைத் தளத்தில் வந்தது. வாங்கிய பலர் முதலில் திறப்பது டேட்டாபேஸின் ஸ்கில்ஸ் (திறன்கள்) பக்கம்தான். நெருப்பு, பனி, இடி, விஷம் என்று நாற்பது ஸ்கில் எழுதி முடித்ததும், ஆட்டக்காரருக்கு நிறையத் தேர்வு கொடுத்துவிட்டதாக நினைக்கிறார்கள். அந்த நாற்பதில் எட்டைத்தான் யாரும் தொடுவார்கள். ஆட்டக்காரர் தன் அடியை, அதாவது தாக்குதலை, தானே துண்டு துண்டாகக் கோக்க வேண்டுமென்றால் இந்த மென்பொருளில் அதற்கான இடம் டைப்ஸ் (வகைகள்) பக்கமும் ஆர்மர்ஸ் (கவசங்கள்) பக்கமும். ஒரு வரி நிரல் எழுதாமலே அங்கே வியக்கத்தக்க தூரம் போகலாம். எந்த இடத்தில் அது நின்றுவிடும் என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

ஓர் உதாரணத்தோடு பார்ப்பது எளிது. பினாங்கு ஜார்ஜ்டவுன் குட்டி இந்தியாவின் சந்துகளில் நடக்கும் கதை, நாயகன் கையில் சிலம்பக் கம்பு. அவனுடைய அடிக்கு மூன்று உறுப்புகள்: பிடி, வீச்சு, காலடி. டைப்ஸ் பக்கத்தில் உபகரண வகைகள் முதலில் ஐந்து இருக்கும்: ஆயுதம், கேடயம், தலை, உடல், அணி. முதல் இடம் எப்போதும் ஆயுதத்துக்குத்தான், அதைத் தொட வேண்டாம். மற்ற நான்கில் மூன்றுக்குப் பிடி, வீச்சு, காலடி என்று பெயர் மாற்றி, மிஞ்சியதைக் குறைத்துவிட்டால் உபகரணத் திரையில் கம்பும் மூன்று உறுப்புகளும் வரிசையாக நிற்கும். பிறகு ஆர்மர்ஸ் பக்கத்தில் ஒவ்வோர் உறுப்பையும் ஒரு பொருளாக எழுதி, அதன் குணத்தை டிரெயிட் பெட்டியில் போட வேண்டும்.

பொருளை உருவாக்கி ஆட்டக்காரர் பையிலும் போட்ட பிறகு உபகரணத் திரையில் அது தலைகாட்டவே இல்லை என்றால், காரணம் கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றுதான். ஆர்மர் வகை என்று ஒன்றும் உண்டு, அந்த வகையை அணியலாம் என்ற டிரெயிட் நாயகனின் கிளாஸில் (பாத்திரத்தின் தொழில் வகையில்) இருக்க வேண்டும். உறுப்புகளுக்கென்று தனி ஆர்மர் வகை வைத்துக்கொண்டு, கிளாஸ்வாரியாக அனுமதி கொடுப்பது நல்ல பழக்கம். எந்தப் பாத்திரத்துக்கு எந்தக் காலடி வரும் என்பதை அங்கிருந்தே ஆளலாம்.

இனி அடியின் உள்ளே. ஆயுதத்துக்கு அட்டாக் ஸ்கில் என்ற டிரெயிட் கொடுக்க முடிவது எம்இசட்டில் வந்த வசதி; முந்தைய பதிப்பான எம்வியில் 'தாக்கு' என்றால் எப்போதும் முதல் எண் ஸ்கில்தான். நமக்கு இது பெரிய வரம். சிலம்ப அடி என்று ஒரு ஸ்கில்லை எழுதி, கம்புக்கு அதை அட்டாக் ஸ்கில்லாகக் கொடுத்தால், உறுப்புகளில் இருக்கும் தாக்குதல் டிரெயிட்கள் எல்லாம் அந்த அடியில் வந்து சேரும். ஆனால் இரண்டு அமைப்புகளை மறக்கக் கூடாது. ஸ்கில்லின் டேமேஜ் பெட்டியில் தன்மை 'சாதாரணத் தாக்குதல்' என்று இருக்க வேண்டும். எஃபெக்ட் பட்டியலில் நிலை (விஷம் போன்றது) சேர்க்கும் வரியில் மறுபடி 'சாதாரணத் தாக்குதல்', 100 விழுக்காடு. முதலாவது இல்லாவிட்டால் 'நெருப்பு வீச்சு' அணிந்தும் நெருப்பு வராது. இரண்டாவது இல்லாவிட்டால் 'விஷப் பிடி' எத்தனை முறை அடித்தாலும் விஷம் ஏறாது. புதிதாகத் திறக்கும் காலி ஸ்கில்லில் இரண்டுமே இருப்பதில்லை. பிழைச் செய்தியும் வராது, அடி வெறும் அடியாகப் போய்க்கொண்டே இருக்கும்.

பிடியில் நெருப்பும் வீச்சில் இடியும் ஒன்றாக இருந்தால் இரண்டும் கூடிவிடாது. எதிரி எதற்கு அதிகம் பலவீனமோ அந்த ஒன்றின் மடங்கை மட்டும் மென்பொருள் எடுத்துக்கொள்ளும். இதை உறுப்பின் விளக்க வரியிலேயே சொல்லிவிடுவது நேர்மை. அதே மாதிரி இரண்டு உறுப்புகள் ஆளுக்கு ஓர் அட்டாக் ஸ்கில் கொடுத்தால் ஸ்கில் எண் பெரியது வெல்லும். அதனால் 'எல்லா எதிரிகளையும் சுழற்றி அடிக்கும்' காலடி கம்பின் அடியை மீற வேண்டுமென்றால், அதன் ஸ்கில்லைப் பட்டியலில் கீழே, பெரிய எண்ணில் எழுத வேண்டும். டேட்டாபேஸில் வரிசையை அழகுக்காக மாற்றுகிறவர்கள் இங்கேதான் சிக்குவார்கள்.

கணக்கைக் கிட்டத்தில் பார்ப்போம், ஏனென்றால் இந்த முறையின் சுவையே அதில்தான். இயல்பான சூத்திரம்: தாக்குபவரின் தாக்கு சக்தியை 4ஆல் பெருக்கி, எதிரியின் தற்காப்பை 2ஆல் பெருக்கிக் கழிப்பது. தாக்கு 30, தற்காப்பு 20 என்றால் 80. மாறுபாடு 20 விழுக்காடு என்று வைத்தால் 64 முதல் 96 வரை ஆடும், கிரிட்டிக்கல் (எப்போதாவது விழும் பலத்த அடி) விழுந்தால் மூன்று மடங்கு. இப்போது 'இரட்டை வீச்சு' என்ற உறுப்புக்குத் தாக்கும் எண்ணிக்கையில் கூடுதல் 1 கொடுத்தால் அடி இரண்டாகிவிடும், செலவில்லாமல் 160. எல்லாரும் அதையே அணிவார்கள், தேர்வு செத்துவிடும். அதே உறுப்பில் தாக்கு சக்தி 60 விழுக்காடு என்ற டிரெயிட்டையும் சேருங்கள். தாக்கு 18 ஆகும். தற்காப்பு 20 உள்ள எதிரிக்கு ஓர் அடி 32, இரண்டும் சேர்ந்து 64. ஒற்றை வீச்சின் 80ஐ விடக் குறைவு. தற்காப்பு 5 உள்ள எதிரிக்கோ இரட்டை 124, ஒற்றை 110. இரண்டும் சமமாகும் இடம் தற்காப்பு 12. தற்காப்பு 36 வந்தால் இரட்டை வீச்சு சுழியம், ஒற்றை மட்டும் 48 கொடுக்கும். கழித்தல் சூத்திரம் ஒவ்வோர் அடிக்கும் தற்காப்பைத் தனித்தனியாகக் கழிப்பதால் இந்த வளைவு தானாகவே கிடைக்கிறது. எதிரிகளின் தற்காப்பை 12க்கு இருபுறமும் பரப்பி வைத்தால், ஆட்டக்காரர் சண்டைக்கு முன்னால் வீச்சை மாற்ற யோசிப்பார். ஒரு தனிப்பயன் அடி அமைப்புக்கு இதைவிடப் பெரிய வெற்றி வேண்டாம்.

வேகத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. தாக்குதல் வேகம் என்ற டிரெயிட் முறைவைத்து ஆடும் சண்டையில் மட்டும்தான் வேலை செய்யும். நேரம் ஓடும் சண்டை முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால் அது எண்ணிக்கையிலேயே வராது. 'விரைவுக் காலடி'க்கு அங்கே சுறுசுறுப்பு அளவை 120 விழுக்காடு என்று கொடுங்கள்.

செலவும் இலக்கும்தான் சுவர். ஒரு ஸ்கில்லின் எம்பி (ஸ்கில்லுக்காகக் கரையும் சக்திப் புள்ளி) செலவு ஒரே எண், இலக்கு ஒரே தேர்வு. இரண்டையும் சூத்திரத்தால் மாற்ற முடியாது. எம்பி செலவு விகிதம் என்ற டிரெயிட் உறுப்பில் வைத்து 150 அல்லது 75 விழுக்காடு ஆக்கலாம், ஆனால் அது நாயகனின் எல்லா ஸ்கில்லையும் தொடும். இலக்கை மாற்ற வேண்டுமென்றால் தனி ஸ்கில் எழுதியே ஆக வேண்டும். அட்டாக் ஸ்கில்லுக்கு எம்பி செலவு வைப்பதும் ஆபத்து: எம்பி தீர்ந்ததும் 'தாக்கு' கட்டளையே மங்கிவிடும், ஆட்டக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அடிப்படை அடிக்குச் செலவு 0 என்பதே சரி.

சூத்திரப் பெட்டியைப் பற்றிப் புகழவும் குறை சொல்லவும் நிறைய உண்டு. உள்ளே ஜாவாஸ்கிரிப்ட் ஓடுவதால் விளையாட்டின் வேரியபிள்களை (எண்களைச் சேமித்து வைக்கும் இடங்களை) படித்துச் சேதத்தை மாற்றலாம். ஆட்டக்காரர் குருவிடம் பயிற்சி எடுத்த எண்ணிக்கையை வேரியபிளில் வைத்து அடியோடு பெருக்கலாம். நல்ல வசதி. ஆனால் எழுத்துப் பிழை இருந்தால் மென்பொருள் அதைப் பிடித்து விழுங்கிவிட்டுச் சேதத்தை 0 என்று காட்டும். இதுவரை மதிப்பே போடாத வேரியபிளைச் சூத்திரத்தில் தொட்டாலும் அதே 0. ட்ரூப்ஸ் (எதிரிக் கூட்டங்கள்) பக்கத்திலிருந்து ஓட்டும் சண்டைச் சோதனையில் வேரியபிள்கள் எல்லாம் காலி என்பதால், முழு விளையாட்டில் சரியாக அடிக்கும் அடி சோதனையில் செத்துக் கிடக்கும். அந்த எதிரிக் கூட்டத்தின் ஈவென்ட் பக்கத்தில், சுற்று 0 என்ற நிபந்தனையில் வேரியபிளுக்கு மதிப்பு போட்டுவிட்டால் தீர்ந்தது. இன்னொன்று: சூத்திரத்துக்குள்ளேயே வேரியபிளைக் கூட்டுவது, நிலை சேர்ப்பது போன்ற வேலைகளைச் செய்யாதீர்கள். தானாகச் சண்டையிடும் பாத்திரம் எந்த அடி நல்லது என்று எடைபோடும்போதும் சூத்திரம் ஓடும். அடிக்காமலே எண்ணிக்கை ஏறிவிடும். அந்த வேலைகளுக்குக் காமன் ஈவென்ட் (எங்கிருந்தும் அழைக்கக்கூடிய கட்டளைத் தொகுப்பு) இருக்கிறது. அது எத்தனை எதிரிகள் மீது பட்டாலும் ஒரே ஒரு முறை, அடி முடிந்த பிறகுதான் ஓடும்.

எல்லா அடியும் 'தவறியது' என்று வந்தால் கிளாஸில் குறி விகிதம் என்ற டிரெயிட்டைப் பாருங்கள். புதுக் கிளாஸில் 95 விழுக்காடு தயாராக இருக்கும். டிரெயிட் பட்டியலைச் சுத்தம் செய்கிறேன் என்று அதை அழித்துவிட்டால் குறி 0, உடல்வழித் தாக்குதல் ஒன்றுகூடப் படாது.

விசைகள் விஷயத்தில் இந்த மென்பொருள் ஏமாற்றம்தான். ஆட்டக்காரர் தன் விசைகளைத் தானே மாற்றிக்கொள்ள ஆப்ஷன்ஸ் திரையில் இடமே இல்லை, அதற்குப் பிளகின் (கூடுதல் வசதி சேர்க்கும் சிறு நிரல்) வேண்டும். வரைபடத்தில் குதிப்பது, கம்பை ஊன்றித் தாண்டுவது போன்ற செயலுக்குப் புது விசை கொடுக்க ஒரு வரிப் பிளகின் போதும்: விசை எண் 67க்கு, அதாவது 'சி' விசைக்கு, ஒரு பெயர் சூட்டி, பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் பேரலல் காமன் ஈவென்ட்டில் அந்தப் பெயரைச் சோதிக்கலாம். 'அழுத்திய நொடி' என்ற சோதனையையே பயன்படுத்துங்கள். 'அழுத்திக்கொண்டிருக்கிறது' என்று வைத்தால் ஒரே தட்டுக்கு நாயகன் நான்கு முறை குதிப்பான். அந்த ஈவென்ட்டில் காத்திருப்பு வரியும் கூடாது, காத்திருக்கும் நேரத்தில் அழுத்தியது தவறிவிடும்.

தமிழில் விளையாட்டு செய்கிறவர்களுக்கு முக்கியமான பகுதி இது. முரசு அஞ்சல் என்ற தட்டச்சு மென்பொருளில் தட்டிய தமிழ் டேட்டாபேஸில் ஒழுங்காக விழும், ஸ்கில் பட்டியலிலும் சண்டைக் குறிப்பிலும் சரியாகத் தெரியும். உரையாடல் பெட்டியில்தான் உடையும். அங்கே எழுத்து ஒவ்வொன்றாக வரையப்படுவதால் 'க்' என்பதன் புள்ளி தனியாகப் பிரிந்து புள்ளி வட்டத்தில் உட்காரும், 'கொ' இரண்டு துண்டாகும். உடனடி மருந்து: ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் பின்சாய்கோடும் அதையடுத்து > குறியும். அந்த வரி மொத்தமாக ஒரே அடியில் வரையப்படும், எழுத்து உடையாது. புது வரி வந்ததும் அந்தக் கட்டளை தீர்ந்துபோகும் என்பதால் வரிதோறும் போட வேண்டும். எழுத்து எழுத்தாக வரும் அழகும் வேண்டுமென்றால் சிறு பிளகின் எழுதுங்கள்: அடுத்த எழுத்தின் யூனிகோடு எண் 3006 முதல் 3021 வரையோ 3031ஆகவோ இருந்தால் அங்கே நிறுத்தாதே என்று சொன்னால் போதும்.

எழுத்துருவையும் விளையாட்டோடு சேர்த்தே அனுப்புங்கள். கூடவே வரும் எழுத்துருவில் தமிழ் இல்லாததால் விண்டோஸில் நிர்மலா தோன்றும், மேக்கில் வேறொன்று தோன்றும். ஒரே வரி ஓர் இடத்தில் பெட்டிக்குள் அடங்கும், இன்னோர் இடத்தில் வெளியே போகும். நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது முக்த மலர் கோப்பை எழுத்துருக் கோப்புறையில் போட்டு, சிஸ்டம் 2 பக்கத்தில் பெயரைக் கொடுத்தால் எங்கும் ஒரே மாதிரி இருக்கும். நீளமான ஸ்கில் பெயர் இரண்டு பத்திப் பட்டியலில் பக்கவாட்டில் நசுங்கும். 'சுழல் வீச்சு' போன்று இரண்டு சொல்லோடு நிறுத்துங்கள். விளக்கம் இரண்டே வரி, தானாக மடங்காது. ஆட்டக்காரர் தான் கோத்த அடிக்குத் தமிழில் பெயர் சூட்ட வழியே இல்லை: பெயர் உள்ளீட்டுத் திரையில் தமிழ் எழுத்துப் பலகை கிடையாது, அது பாத்திரப் பெயருக்கு மட்டுமே உரியதும்கூட. இது பெரிய குறை.

தமிழ் உரையே விளையாட்டின் உயிர் என்றால் கோடோ 4 என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளையும் பாருங்கள். இலவசம், தமிழ் எழுத்துகளை உடைக்காமல் வரையும், விசை மாற்றத்துக்கு அடித்தளம் உள்ளேயே இருக்கிறது. ஆனால் மேலே சொன்ன உபகரணத் திரை, டிரெயிட், சண்டைச் சோதனை எல்லாவற்றையும் நீங்களே கட்ட வேண்டும். வேலை முடிந்து இரவில் இரண்டு மணி நேரம் ஒதுக்குகிறவருக்கு எம்இசட்தான் பொருத்தம்.

ஸ்டீமில் விலை மலேசிய வெள்ளியிலேயே காட்டும், தள்ளுபடியும் அடிக்கடி வரும், முழு விலைக்கு அவசரப்பட வேண்டாம். வாங்கி 14 நாளுக்குள், பயன்பாடு 2 மணி நேரத்துக்குக் கீழ் இருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். எடிட்டர் சும்மா திறந்து கிடப்பதும் அந்த 2 மணியில் சேரும். அதனால் வரைபடம் வரைவதில் நேரத்தைக் கரைக்காமல், முதலில் மூன்று உறுப்பு இடங்களை அமைத்து, ஒற்றை, இரட்டை வீச்சுகளை இரண்டு எதிரிகள் மீது சண்டைச் சோதனையில் ஓட்டிப் பாருங்கள். அடுத்து ஒரு தமிழ் வரியை உரையாடல் பெட்டியில் போட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் சேர்த்து நாற்பது நிமிடம் போதும்.